நான்காவது கட்டம்

2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள் 48,830 பேர். இவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 20,958 பேர் கொலையுண்டவர்கள். கைதவறி வெடித்ததில் இறந்தவர்கள் 549 பேர். போலீஸ் நடவடிக்கையில் இறந்தவர்கள் 537 பேர். கூட்டிப் பாருங்கள், 458 குறையும். அந்த 458 பேரும் எதனால் செத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சுட்டது யார், வேண்டுமென்றே சுட்டாரா, தவறி வெடித்ததா என்பதைத்தான் டாக்டர், போலீஸ், குடும்பத்தார் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் பெயர் ஐ.சி.டி. அதன் பத்தாவது பதிப்பில் துப்பாக்கி விபத்துக்கு டபிள்யூ 32 முதல் 34 வரை எண்கள். தன்னைத்தானே சுட்டுக்கொண்டால் எக்ஸ் 72 முதல் 74. பிறர் சுட்டால் எக்ஸ் 93 முதல் 95. போலீஸ் சுடுவதற்கும் போரில் சுடுவதற்கும் தனித்தனி எண்கள் உண்டு. இவற்றில் எதிலும் சேர்க்க முடியாதவை ஒய் 22, 23, 24-இல் போய்ச் சேரும். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, இன்னதென்று தெரியாத துப்பாக்கி என்று அதற்குள்ளும் ஒரு வரிசை. விபத்து, தற்கொலை, தாக்குதல் ஆகிய மூன்று கட்டங்களுக்கு அடுத்து நான்காவதாக நிற்கும் ‘நோக்கம் தெரியவில்லை’ என்ற இந்தக் கட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர எண்ணூறு ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆயிற்று. வழியில் ஒரு ராஜாவின் மீட்புத்தொகை, ஒரு துணி வியாபாரியின் ஆர்வம், ஒரு மெழுகு பொம்மை, இரண்டு சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் குறுக்கிடுகின்றன.

கதை துப்பாக்கிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சிலுவைப் போர் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், 1192-இல் ஆஸ்திரியாவில் பிடிபட்டார். விடுவிக்கக் கேட்ட தொகை 1,50,000 மார்க் வெள்ளி. கஜானா துடைத்துவைத்த மாதிரி ஆயிற்று. நிர்வாகத்தைக் கவனித்த ஹூபர்ட் வால்டர், மன்னருக்குச் சேரவேண்டிய காசு எங்கும் சிதறிவிடக் கூடாது என்று 1194-இல் மாவட்டந்தோறும் அதிகாரிகளை நியமிக்க ஏற்பாடு செய்தார். அவர்கள்தாம் கொரோனர்கள். திடீரென்று யாராவது செத்துக்கிடந்தால் அங்கே போய், ஊராரைக் கூட்டி, பிணத்தைப் பார்த்து, நடந்ததை விசாரித்து எழுத வேண்டும். கூடவே மன்னருக்கு எவ்வளவு தேறும் என்றும் கணக்குப் போட வேண்டும்.

சாவு எப்படி என்பதைப் பொறுத்து வரும்படி மாறியது. கொலை என்றால் கொலையாளியின் உடைமை பறிமுதல். மனமறிந்து தற்கொலை என்றால் செத்தவரின் அசையும் சொத்துகள் மன்னருக்கு. பிணத்துக்குக் கோயில் நிலத்தில் இடமில்லை, நாற்சந்தியில் புதைப்பார்கள். விபத்து என்றால் ஆளைக் கொன்ற பொருளே குற்றவாளி. வண்டிச் சக்கரமோ, மாடோ, அதன் விலையை மன்னருக்குக் கட்ட வேண்டும். ஆக, செத்தவரின் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வி இங்கிலாந்தில் வரி வசூல் கேள்வியாகத்தான் பிறந்தது.

ஊர் நடுவர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். தற்கொலை என்று சொன்னால் அடுத்த வீட்டு விதவை தெருவுக்கு வந்துவிடுவாள். சித்தம் கலங்கிய நிலையில் செய்துகொண்டார் என்று எழுதிவிட்டால் சொத்து தப்பும். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அநேகமாக எல்லாத் தற்கொலைகளும் சித்தக் கலக்கமாகவே தீர்ப்பாயின. எதுவும் சொல்ல முடியவில்லை என்றால் தீர்ப்பைத் திறந்தே விட்டுவிடும் வழக்கமும் வளர்ந்தது. பொருளுக்குத் தண்டனை என்ற பழைய வேடிக்கை, ரயில் வந்து, இஞ்சின்களின் விலை குறுக்கே வந்ததும் கசந்து, 1846-இல் ஒழிந்தது. நாற்சந்திப் புதைப்பு 1823-இலும், சொத்துப் பறிமுதல் 1870-இலும் முடிந்தன. தற்கொலை முயற்சி குற்றம் என்பது இங்கிலாந்தில் 1961 வரை நீடித்தது.

இதற்கிடையில் வெடிமருந்து ஐரோப்பியப் போர்க்களங்களை மாற்றிவிட்டிருந்தது. குண்டுக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு ஏறியிருக்கும் என்று இத்தாலிய அறுவை மருத்துவர் ஜோவான்னி த விகோ 1514-இல் எழுதிவைத்தார். நஞ்சை முறிக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்று என்பது அவர் சொன்ன வழி. எல்லாரும் அதையே நகலெடுத்தார்கள். 1537-இல் டூரின் பக்கம் நடந்த சண்டையில் அம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சு இளைஞருக்கு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பென்டைன் மூன்றையும் கலந்து மிச்சமிருந்தவர்களுக்குப் பூசிவிட்டார். செத்திருப்பார்களோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கமில்லை. விடிவதற்குள் எழுந்து ஓடிப் பார்த்தால், கலவை பூசியவர்கள் வலி குறைந்து படுத்திருந்தார்கள். எண்ணெய் ஊற்றியவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொருள் தீர்ந்துபோனதால் வைத்தியம் திருந்தியது. 1545-இல் பாரே இதைப் புத்தகமாக்கினார். லத்தீனில் எழுதாமல், சாதாரணக் கைவைத்தியர்களும் படிக்கப் பிரெஞ்சில் எழுதினார்.

நம் கதைக்கு அவருடைய இன்னொரு யுக்தி முக்கியம். 1542-இல் பெர்பிஞ்ஞான் முற்றுகையில் பிரிஸாக் என்ற தளபதிக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. மற்ற மருத்துவர்கள் கம்பியை விட்டுத் துழாவியும் குண்டு அகப்படவில்லை. பாரே வந்து, சுடப்பட்ட நேரத்தில் எப்படி நின்றிருந்தீர்களோ அப்படியே நில்லுங்கள் என்றார். உடம்பு அந்தக் கோணத்துக்குத் திரும்பியதும் குண்டு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. குண்டு போன வழியிலிருந்து சுட்ட கணத்தைத் திரும்பக் கட்டியெழுப்பும் வேலை, பிற்காலத்தில் தடயவியல் மருத்துவர்கள் செய்யப்போவது, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இங்கே நடந்திருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் லண்டன் பிளேக்கில் செத்துக்கொண்டிருந்தது. எந்தப் பேட்டையில் எத்தனை சாவு என்று வாரந்தோறும் சீட்டு அச்சடித்து விற்றார்கள். பணக்காரர்கள் அதைப் பார்த்து ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். சாவுக்குக் காரணம் எழுதியது மருத்துவரல்ல. சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்ட கிழவிகள். ஜான் கிராண்ட் என்ற துணி, பொத்தான் வியாபாரி இந்தச் சீட்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து அடுக்கி 1662-இல் ஒரு புத்தகம் போட்டார். மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கே பிறந்தது என்பார்கள். ஒரு குவளை பீரும் சில்லறையும் கிடைத்தால் கிழவிகள் காரணத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள் என்று கிராண்டே அதில் குறை சொல்லியிருக்கிறார். அவருடைய அட்டவணையில் தூக்குப் போட்டவர்கள், சுடப்பட்டவர்கள், பலவித விபத்துகளில் இறந்தவர்கள் என்ற தலைப்புகளுக்கு நடுவே ‘தெருவில் செத்துக் கிடந்தவர்கள்’ என்று ஒரு வரி வருகிறது. எப்படி என்று கேட்கக் கூடாது, கிடந்தார்கள், அவ்வளவுதான். நம் நான்காவது கட்டத்துக்கு எள்ளுத்தாத்தா யார் என்று கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.

கொரோனர் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் அந்தப் பதவி இருந்தது. 1871-இல் தனிச் சட்டமே போட்டார்கள். மதராஸ் 1889-லேயே கொரோனருக்கு விடை கொடுத்துவிட்டது. பம்பாயில் 1999 வரை தாக்குப்பிடித்தார். மற்ற இடங்களில் எல்லாம் போலீஸ் விசாரணைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு. நம் செய்தித்தாள்களில் தினமும் கண்ணில் படும் ‘சந்தேக மரணம் என வழக்குப் பதிவு’ அதன் கீழ்தான் வருகிறது. இலங்கையில் கொரோனர் மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி திறந்த தீர்ப்பு வழங்கினார் என்ற வரியை அங்கத்திய தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றும் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணும் வேலை அரசாங்க வேலையானது. இங்கிலாந்தில் 1837-இல் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதும் வில்லியம் ஃபார் என்ற மருத்துவர் காரணங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெயரில் எண்ணினால் எதை எதோடு ஒப்பிடுவது? 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய முதல் சர்வதேசப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல் தயாரிக்கும்படி ஃபாரிடமும் ஜெனீவாவின் மார்க் தெஸ்பினிடமும் கேட்டுக்கொண்டது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தாவரவியல் ஆர்வலரான ஆசில் கியார். அவர் மகள் வழியில் இரண்டு பேரன்கள். ஒருவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். குற்றவாளிகளின் காது, விரல், முழங்கை நீளத்தை அளந்து ஆளை அடையாளம் காணும் முறையைப் பாரிஸ் போலீஸுக்குக் கொடுத்தவர். மற்றவர் ஜாக் பெர்த்தியோன். தாத்தா கேட்ட பட்டியலை நாற்பது வருடம் கழித்து, 1893-இல் சிகாகோவில், புள்ளியியலாளர்கள் முன் வைத்தவர். பாரிஸ் நகராட்சியின் பட்டியலைத்தான் அவர் விரிவாக்கியிருந்தார். 1898-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் அதை ஏற்கச் சொன்னது. 1900-இல் 26 நாடுகள் பாரிஸில் கூடி முதல் திருத்தத்தைச் செய்தன. ஐ.சி.டி.யின் வம்சம் இதுதான்.

அந்தப் பட்டியலால் எந்தப் புதிரைத் தீர்க்க முடியாதோ, அந்தப் புதிர் அதே 1893-இல் ஸ்காட்லாந்தில் நடந்தது. ஆகஸ்ட் 10 அன்று ஆர்ட்லமாண்ட் எஸ்டேட்டில் மூன்று பேர் வேட்டைக்குக் காட்டுக்குள் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள். செசில் ஹாம்ப்ரோ என்ற இருபது வயது இளைஞன் தலையில் குண்டு பாய்ந்து கிடந்தான். சுவர் ஏறும்போது தடுக்கிவிழுந்து அவன் துப்பாக்கியே வெடித்துவிட்டது என்றார் அவனுடைய ஆசிரியர் மான்சன். உள்ளூர் டாக்டர் விபத்து என்றே ஒப்புக்கொண்டார். பிறகுதான், சில நாட்களுக்கு முன் அவன் உயிர்மேல் 20,000 பவுண்டுக்குக் காப்பீடு எடுத்திருந்த விவரம் வெளிவந்தது. காப்பீட்டுக்காரர்கள் வந்து கேள்வி கேட்டார்கள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். கைத்தவறல் என்றால் துப்பாக்கி வாய் உடம்புக்கு அருகில் இருந்திருக்கும்; தோல் கருகியிருக்கும், மருந்துப்பொடி தெறித்திருக்கும். இங்கே அந்தத் தடயம் இல்லை, சில அடி தள்ளி நின்று யாரோ சுட்டிருக்கிறார்கள் என்பது எடின்பரோ நிபுணர்களின் வாதம்.

அந்த நிபுணர்களில் ஒருவர் டாக்டர் ஜோசஃப் பெல். கோனன் டாயிலின் ஆசிரியர், ஷெர்லக் ஹோம்ஸ் பாத்திரத்துக்கு முன்மாதிரி. வேடிக்கை என்னவென்றால், பெல் சாட்சிக் கூண்டில் ஏறிய அதே டிசம்பரில்தான் டாயில் தன் ஹோம்ஸை அருவியில் தள்ளிச் சாகடித்த கதை பத்திரிகையில் வந்தது. ஹோம்ஸுக்கே முன்மாதிரியாக இருந்தவர் சொல்லியும் நடுவர்கள் மசியவில்லை. குற்றம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற, அப்போது ஸ்காட்லாந்துக்கே உரியதாயிருந்த மூன்றாவது தீர்ப்பைச் சொல்லி மான்சனை விட்டுவிட்டார்கள். லண்டனின் மேடம் டுசாட்ஸ் கண்காட்சி அவருக்கு மெழுகு பொம்மை செய்து, கொலைகாரர்கள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் நிறுத்தியது. அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார், ஜெயித்தார், நஷ்டஈடாகக் கிடைத்தது கால் பென்னி. நிரூபிக்கப்படாத ஒருவரின் மதிப்பு சட்டத்தின் கண்ணில் அவ்வளவுதான் போலிருக்கிறது.

நீதிமன்றத்துக்காவது மூன்றாவது தீர்ப்பு இருந்தது, புள்ளியியலுக்கு இல்லை. 1948-இல் புதிதாகப் பிறந்த உலக சுகாதார நிறுவனம் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆறாம் பதிப்பை வெளியிட்டது. சாவுகளோடு நோய்களும் காயங்களும் முதல்முறையாக அதில் இடம்பெற்றன. காயம் எது என்பதற்கு ஒரு எண், காயத்துக்குக் காரணம் எது என்பதற்கு இன்னொரு எண் என்ற இரட்டை முறையும் அதில் வந்தது. ஆனால் விபத்தா, தற்கொலையா, கொலையா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். சந்தேகத்துக்குரியவை பெரும்பாலும் விபத்துக் கணக்கில் கரைந்துபோயின.

உண்மை தெரியாமல் போவதற்குச் சில சமயம் சிகிச்சையே காரணமாகிவிடுகிறது. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் சுடப்பட்ட அதிபர் கென்னடியை பார்க்லண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது தொண்டையில் சிறிய துளை ஒன்று இருந்தது. மூச்சுவிட வழி செய்ய வேண்டும். டாக்டர் மால்கம் பெர்ரி அந்தத் துளையையே அகலப்படுத்திக் குழாய் செருகினார். வைத்தியமாக அது முற்றிலும் சரி. ஆனால் குண்டு நுழைந்த வாயா, வெளியேறிய வாயா என்று சொல்லும் தடயம் அதோடு போயிற்று. நுழைவுக் காயம்போல் தெரிந்தது என்று அன்று பிற்பகல் நிருபர்களிடம் அவர் சொன்னது, குண்டு முன்னாலிருந்தும் வந்திருக்கிறது என்ற சதிக் கதைகளுக்கு இன்றுவரை தீனி. பிணப் பரிசோதனை செய்தவர்களுக்கு அது குழாய் போட்ட வெட்டாக மட்டுமே தெரிந்தது. அடியில் குண்டுத் துளை இருந்ததைப் பிறகு பெர்ரியிடம் போனில் பேசித்தான் தெரிந்துகொண்டார்கள். உயிரைக் காப்பாற்ற ஓடுபவரால் தடயத்தையும் காப்பாற்ற முடிவதில்லை.

மூன்று வருடம் கழித்து, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்க எம்.ஆர்.ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் போனார்கள். சற்று நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். எம்.ஜி.ஆரும் ராதாவும் குண்டுக் காயத்தோடு ராயப்பேட்டை மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கிருந்து பொது மருத்துவமனைக்கு. ஒரே அறையில், சில நொடிகளில் விழுந்த காயங்கள். எம்.ஜி.ஆரின் காயம் தாக்குதலா? ராதாவின் காயம் தற்கொலை முயற்சியா, எதிர்த் தாக்குதலா? ராதாவே அவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு மறுத்தது. அறையில் இருந்த மூன்றாம் நபர் ஒருவர்தான். காயத்தின் இடம், கோணம், குண்டின் அடையாளம் என்று மருத்துவர்களும் நிபுணர்களும் நீதிமன்றத்தில் பேச வேண்டியதாயிற்று. முடிவில் ராதா தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. வழக்கு முடிந்து நூலாகவும் பேட்டியாகவும் வந்த பிறகும் டீக்கடைப் பெஞ்சுகள் தங்கள் தீர்ப்பைத் திறந்தே வைத்திருக்கின்றன. அன்று மருத்துவமனையில் யாராவது சர்வதேசப் பட்டியலைப் பார்த்து எண் போட உட்கார்ந்திருந்தால் திண்டாடியிருப்பார்கள். அப்போது நடப்பிலிருந்த ஏழாம் பதிப்பில் ‘தெரியவில்லை’ என்பதற்கு இடமே கிடையாது.

இடம் அடுத்த ஆண்டே வந்தது. 1968-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், தவறுதலாக நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று தீர்மானிக்க முடியாத காயங்களுக்காக இ 980 முதல் 989 வரை பத்து எண்களை ஒதுக்கினார்கள். துப்பாக்கிக்கும் வெடிபொருளுக்கும் இ 985. கொரோனர்களின் திறந்த தீர்ப்பு முதல்முறையாகப் புள்ளியியலில் சொந்த வீட்டுக்குக் குடிபோயிற்று. பத்தாம் பதிப்பை 1990-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றபோது அந்த வீடு ஒய் வரிசைக்கு மாறியது.

ஒரே வீடு, ஆனால் ஊருக்கு ஊர் வேறு சம்பிரதாயம். பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் ‘நோக்கம் தெரியாத’ சாவுகளைத் தற்கொலையோடு சேர்த்தே எண்ணுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தற்கொலையாகத்தான் இருக்கும் என்பது அதன் கணிப்பு. அமெரிக்க மருத்துவமனைகளோ நேரெதிர். அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பத்தாம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தில் ஒரு விதி உண்டு. நோக்கம் என்னவென்று கேஸ் ஷீட்டில் எழுதப்படவில்லையா, விபத்து என்று போடு. நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று மருத்துவர் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே நான்காவது கட்டம். டாக்டர் மௌனமாக இருந்தால் குண்டு தானாக வெடித்தது என்று அர்த்தம். லண்டனில் தற்கொலைப் பக்கம் சாயும் சந்தேகம், பாஸ்டனில் விபத்துப் பக்கம் சாய்கிறது.

விதி இப்படி அமைந்ததற்குப் பின்னால் காசுக் கணக்கும் உண்டு. 1983-இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நோயின் எண்ணை வைத்து மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. அன்றிலிருந்து எண்கள் பில் ஆயின. எலும்பு முறிவுக்கு எண் விட்டுப்போனால் வருமானம் போகும். சுட்டது யார் என்ற எண்ணுக்கு ஒரு டாலர் கூடக் கிடையாது. அதை நாடு முழுவதும் கட்டாயமாக்கவுமில்லை. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக நோய்த்தடுப்பு மையம் தன் நிதியைச் செலவழிக்கக் கூடாது என்று டிக்கி திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆராய்ச்சி இருபது வருடத்துக்கு மேல் சுருண்டு கிடந்தது. சாவுகளுக்காவது போலீஸ், கொரோனர், மருத்துவப் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தேசிய வன்முறை மரணப் பதிவு 2002-இல் ஆறு மாநிலங்களில் தொடங்கி, 2018-இல் எல்லா மாநிலங்களையும் எட்டியது. பிழைத்தவர்களுக்கு அப்படி ஒரு அக்கறை அமையவில்லை.

விளைவு என்ன என்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூன்று பெரிய மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். தாக்குதல் என்று தெளிவாகத் தெரிந்த துப்பாக்கிக் காயங்களில் 28 சதவீதத்துக்கு மருத்துவமனைப் பதிவில் விபத்து எண் போடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் கைதவறிச் சுட்டுக்கொள்பவர்கள் இவ்வளவு பேர் என்று அச்சாகும் கணக்கில், யாரோ குறிவைத்துச் சுட்டதில் காயம்பட்டவர்களும் கலந்திருக்கிறார்கள்.

இந்த நீண்ட பயணத்தின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று சென்னை. அமெரிக்க மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டுகளுக்கு எண் போடும் மெடிக்கல் கோடிங் வேலை இங்கே பெரிய தொழில். நர்சிங், பயோடெக், விலங்கியல் படித்த பிள்ளைகள் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து கோவை, திருச்சி வரை இந்த வேலையில் இருக்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு சார்ட் எடுத்துக்கொள்வோம். ‘இருபத்தி இரண்டு வயது ஆண், இடது தொடையில் குண்டுக் காயம், துளை இரண்டு, நாடி உண்டு, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவில்லை, காயம் கழுவப்பட்டது.’ அவசரப் பிரிவு டாக்டருக்கு ரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்கு மேல் எழுத நேரமில்லை. கோடர் தொடைக் காயத்துக்கு எண் போடுவார். அடுத்து, காரணம். சண்டையா, தற்கொலை முயற்சியா, வேட்டையா என்று சார்ட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஊகித்து எழுதினால் ஆடிட்டில் பிழை. விதிப்படி போனால் விபத்து. தலைமுறை தலைமுறையாகக் கொரோனர்கள் தலையை உடைத்துக்கொண்ட கேள்வியை இரவு ஷிப்டில் இருக்கும் ஒரு பெண் ஒரு கிளிக்கில் கடந்துவிட வேண்டியிருக்கிறது. தவறு அவர்மேல் இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று, மௌனத்துக்கு அர்த்தம் கற்பித்த விதி இன்னொன்று.

இதைவிட நாணயமான ஒரு வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. அடிபட்டு வருபவரைக் கேஷுவாலிட்டியில் பார்க்கும் டாக்டர் முதலில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபரா தெரியாத நபரா, எதனால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று ஒவ்வொன்றும் அதில் பதிவாகும். ‘சொல்கிறார்’ என்பதுதான் அதில் முக்கியம். டாக்டர் தீர்ப்பு எழுதுவதில்லை; கேட்டதைக் கேட்டபடி எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டு, காயத்தைக் கவனிக்கப் போகிறார். பிறகு அந்தத் தாளே நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கிறது. குறைகள் அதிலும் உண்டு. தற்கொலை முயற்சி குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில் குடும்பத்தார் தவறுதல் என்றே சொல்லச் சொன்னார்கள். 2017-இன் மனநலச் சட்டம் அந்தப் பயத்தைப் பெரிதும் தளர்த்தியது. ஆனாலும், யார் எதைச் சொன்னார்கள் என்ற சுவடாவது நம் பதிவேட்டில் இருக்கிறது.

நோக்கம் எதுவாக இருந்தால் என்ன, காயம் ஆறினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பிழைத்தவருக்குத் தையல் பிரித்த பிறகு மனநல மருத்துவர் தேவை. வீட்டிலிருந்து துப்பாக்கி வெளியேற வேண்டும். பிறரால் சுடப்பட்டவருக்கு, திரும்பப் போகும் தெரு பாதுகாப்பானதா என்று விசாரிக்க ஆள் தேவை. கைதவறிச் சுட்டுக்கொண்டவரின் குடும்பத்துக்குத் துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொல்லித்தர வேண்டும். மூன்றுக்கும் சிகிச்சை மூன்று விதம். விபத்து என்று பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்பிவிட்டால் முதல் இருவரும் வெறும் தையலோடு வீடு போவார்கள். அரசாங்கமோ இல்லாத விபத்தைத் தடுக்கத் திட்டம் போடும்.

ராஜாவுக்குச் சொத்து வேண்டியிருந்தது, குடும்பத்துக்கு மானம், காப்பீட்டுக்காரருக்குப் பாலிசி, மருத்துவமனைக்குப் பில். அவரவர் தேவைக்கு ஏற்ப ‘தெரியவில்லை’ என்பதன்மேல் ஏதாவது ஒரு பதிலை எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கும் துணிச்சல் வர 1968 ஆயிற்று. அந்தத் துணிச்சலைச் சோம்பலாக மாற்றாமல் இருப்பது கேஸ் ஷீட் எழுதுகிறவர்கள் கையில் இருக்கிறது. டாக்டர்களே, ரத்தம் நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், என்ன நடந்தது என்று. கிடைத்த பதிலை, யார் சொன்னது என்பதோடு ஒரு வரியில் எழுதிவையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். வெற்றிடமாக மட்டும் விடாதீர்கள்; அதை நிரப்ப எப்போதும் யாராவது காத்திருக்கிறார்கள்.